ஆடிட்டுக்கு வந்த நாற்காலி

எங்கள் கம்பெனிக்கு வருஷத்தில் இரண்டு தரம் இரக்கம் வரும். வெளிநாட்டுக்காரன் துணி வாங்குவதற்கு முன்னால், இங்கே ஆட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆடிட்டு அனுப்புவான். அன்றைக்குக் காலையில் வரும் இரக்கம், அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் தானும் கிளம்பிவிடும். அன்றைக்கு மட்டும் கக்கூஸில் சோப்பு இருக்கும். குழந்தைகள் காப்பகம் என்று போர்டு மாட்டிய அறையில் கவர் பிரிக்காத பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். குழந்தை ஒன்றுகூட அங்கே போய் நான் பார்த்ததில்லை.

நான் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் அந்தப் பனியன் கம்பெனியில் தைக்கிறவள். கிருத்திகா என் பக்கத்து லைன் வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான், அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அதனால் இந்தக் கதையில் நான் பார்க்காதது, கேட்காதது எதுவும் இல்லை.

அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற குழந்தைச் சட்டைகளை உள்ளும் புறமும் திருப்பி, கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்க வேண்டும். நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பது எச்.ஆர். மேனேஜர் பிரபாகர் கண்டுபிடித்தது. அந்த ஆள் அதைச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தார்.

அவள் கர்ப்பமாகி ஐந்து மாதம் முடிந்த சமயம். ஒரு மத்தியானம் பாத்ரூமிலிருந்து முகம் வெளுத்து வந்தாள். ரத்தம் பட்டிருந்தது. நான்தான் பர்மிஷன் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பளு தூக்கக்கூடாது, நாள் முழுக்க நிற்கவே கூடாது என்றார். "மறுபடி இப்படிப் பட்டா கொழந்தைக்கே ஆபத்தும்மா. உக்காந்து செய்யற வேலைன்னா செய். இல்லாட்டி வீட்டுல படு."

வீட்டில் படுக்கலாமே என்று கேட்பீர்கள். அவளும் கேட்டாள். புருஷன் வேல்குமாரும் மாமியார் செல்லாத்தாளும் அப்போது சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் போடும்வரை சம்பளம் நிற்கக்கூடாது. "ரூப்பு மட்டும் போட்டுக்கலாம் கண்ணு, அப்புறம் ராணியாட்டப் படுத்துக்க" என்றான் வேல்குமார். கூரை ஏறும்வரை வயிற்றுப் பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய திட்டம். செல்லாத்தாள் அதற்கும் ஒரு படி மேலே. "நாங்கெல்லாம் நெறமாசத்துல தறி ஓட்டுனோம். இவளுகளுக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தாத்தான் நோவு வருது." இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் கால் நீட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டிவலியாம்.

சரி, வேலையிலாவது உட்காரலாம் என்று கிருத்திகா பிரபாகரிடம் போனாள். நானும் துணைக்குப் போனேன்.

"சார், ஒரு சேர் மட்டும் குடுங்க சார். உக்காந்தே பீஸ் பாத்துக் குடுத்தர்றனுங்க. ஒண்ணும் கொறையாதுங்க."

அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்து நிதானமாகப் பார்த்தார். "உனக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களேம்மா" என்றார்.

எல்லோரும் கர்ப்பமாகிவிடுவார்கள் என்று பயந்தாரோ என்னவோ. இவரையெல்லாம் படிக்க வைத்தார்களே அவர்களைச் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் ஆடிட்டு தேதி வந்தது. முந்தின நாள் எங்களையெல்லாம் கேன்டீனில் உட்கார வைத்து, வாய்ப்பாடு மாதிரி பதில்களை ஒப்பிக்க வைத்தார்கள். ஓவர்டைம் உண்டா? விருப்பப்பட்டால் மட்டும். தண்ணீர்? சுத்தமாக இருக்கிறது. பீகார்ப் பையன்கள்கூட மனப்பாடமாகச் சொன்னார்கள், பாவம். கடைசியில் பிரபாகர் கிருத்திகாவை எழுப்பினார். கர்ப்பிணிகளுக்கு என்ன வசதி?

"உக்காந்து செய்யற வேலை குடுத்திருக்காங்க" என்று அவரே பதிலும் சொன்னார். "மூணு மாசமா. ஞாபகம் வச்சுக்க."

அதோடு விடவில்லை, வேல்குமாரையும் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். வேல்குமாருக்குப் பேக்கிங் செக்‌ஷனில் வேலை வாங்கிக்கொடுத்தவரே பிரபாகர்தான். அதனால் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனும் மாமியாரும் மாறி மாறிப் பாடம் நடத்தினார்கள். "சார் மானத்தக் காப்பாத்தோணும். என்ற வேலையும் அவரு கையிலதான் இருக்குது" என்றான் வேல்குமார். கட்டிய மனைவிக்காக ஒரு நாற்காலி கேட்க வாய் திறக்காதவன், மேனேஜர் மானத்துக்காக அவ்வளவு நேரம் பேசினான். அவள் பக்கமிருந்து பாத்திரம் விளக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் செக்கிங் டேபிளுக்கு நாற்காலி வந்துவிட்டது. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தது. முதுகில் சிவப்புப் பெயிண்டில் 'லிங்கசாமி பந்தல் ஸ்டோர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போகிற வாடகை நாற்காலி அது. ஏற்றுமதிக் கம்பெனி, கோடியில் வியாபாரம், ஒரு நாற்காலியைச் சொந்தமாக வாங்க மனசு வரவில்லை. எழுத்தை மறைக்க பிரபாகர் மேலே ஒரு பூந்துண்டைப் போர்த்தினார். பின்பக்கம் ஒரு மேஜை விசிறியும் வைத்தார். கிருத்திகா உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு சுகம் தெரிந்தது. எனக்கு அதைப் பார்த்துத்தான் ஆத்திரம் வந்தது.

ஆடிட்டுக்கு வந்தவர் நடுவயசுப் பெண்மணி, தமிழ்க்காரர். கிருத்திகாவைப் பார்த்ததும் நின்றார்.

"எத்தனாவது மாசம்மா?"

"ஆறு நடக்குதுங்க."

"உக்காந்துதான் வேலை பாக்கறீங்களா எப்பவும்?"

பிரபாகர் அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்று மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். பேக்கிங் பக்கமிருந்து வேல்குமார் எட்டிப் பார்த்தான். கிருத்திகா இரண்டு பேரையும் பார்த்தாள். அப்புறம் கையைப் பின்னால் கொண்டுபோய்த் துண்டை இழுத்துக் கீழே போட்டாள்.

"இது காலைலதானுங்க வந்துச்சு. நீங்க போனதும் பந்தல்காரரு வண்டி வந்து எடுத்துட்டுப் போயிருமுங்க. நாளைக்கு நின்னுதானுங்க பாக்கோணும். நிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. சார்கிட்டக் காட்டியாச்சுங்க, பாத்தாருங்க."

அத்தனை 'ங்க' போட்டு ஒரு ஆளைச் செருப்பால் அடிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிரபாகர், "மேடம், அது வந்து, பழைய சேர் பெயிண்டிங்குக்குப் போயிருக்குது" என்றார். பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பெயிண்டிங்! அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அந்த நாற்காலி அங்கேயேதான் இருக்க வேண்டும், இந்தப் பெண் அதில்தான் இருக்க வேண்டும், இந்த மாதமே சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி வருவேன் என்றார். அன்று சாயங்காலம் லிங்கசாமி ஆள் வந்து, வெறுங்கையோடு திரும்பிப் போனான்.

கம்பெனியில் கதை அவ்வளவுதான். ஆர்டர் ஒன்றும் போய்விடவில்லை. வேல்குமாருக்கும் வேலை போகவில்லை. பிரபாகரிடம் வாங்கிய வசவு மட்டும் மிச்சம். அதைச் சுமந்துகொண்டு அவன் வீட்டுக்கு வந்தான். நான் கிருத்திகாவோடு அவர்கள் வாசலில்தான் நின்றிருந்தேன்.

"பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டயே! இனி நான் அந்தாளு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

செல்லாத்தாள் நாற்காலியிலிருந்தபடியே சேர்ந்துகொண்டாள். "கம்பெனில மகாராணியாட்ட உக்காந்துட்டு வந்துட்டா. போ சாமி, போயி ஒலையை வை. ஊட்டுக்கெல்லாம் ஆடிட்டு வராது."

கிருத்திகா செருப்பைக் கழற்றினாள். மெதுவாக உள்ளே போனாள். சமையல்கட்டுக்குப் போகவில்லை. மாமியாருக்கு எதிரில் சுவரோரம் பாயை விரித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினாள். பாதம் இரண்டும் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தன.

"வந்திருச்சுங்க அத்தை" என்றாள். "இன்னைக்கிருந்து இந்த ஊட்டுக்கு நான்தானுங்க ஆடிட்டு. என்ற புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இங்க யாரு யாரு என்ன சொன்னீங்கன்னு ஊரு முழுக்கச் சொல்லுவனுங்க. ஒரு வார்த்தை விடமாட்டேன். ஒலையை அவரு வைக்கட்டும்."

கத்தவில்லை. அதே மரியாதையோடுதான் சொன்னாள். செல்லாத்தாள் மகனைப் பார்த்தாள். மகன் என்னைப் பார்த்தான். நான் நகருவதாக இல்லை. கடைசியில் அவன் சமையல்கட்டுக்குப் போய், அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டான். கட்டிக்கொண்டு மூன்று வருஷமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறவன்.

"உங்க கண்ணு முன்னாலதானுங்க இருக்குது" என்றாள் கிருத்திகா, எழுந்திருக்காமல்.