பேண்டேஜ் துணியில் ஐந்து கூடுகள்

என் வலது கை விரல்களில் நானே பசை ஊற்றி ஒட்டிக்கொண்ட முட்டாள் நான். இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

எங்களுடையது குடும்ப மேளம். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து எங்கள் செட்டில் வெளியாள் உட்கார்ந்ததில்லை. இப்போது அக்கா நாதஸ்வரம், அவள் வீட்டுக்காரரான மச்சான் முதல் தவில், நான் இரண்டாம் தவில். இரண்டாம் தவில் சுகமான உத்தியோகம். மச்சான் போடுகிற போட்டில் என் தப்பெல்லாம் மூழ்கிவிடும்.

போன வைகாசியில் மச்சான் அய்யனார் கோவில் அருவியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம் நெருங்கிவிட்டது. பெண் வீட்டார் வேறு தவில்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், என் தம்பி இருக்கிறான் என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொதப்பினால் அவள் சொல் போகும், அடுத்த முகூர்த்தத்தில் வெளியாள் வந்து உட்காருவார்.

அன்றிலிருந்து என் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு, பைக் டேங்க், முடிவெட்டும் கடையின் நாற்காலி, எல்லாவற்றிலும் தாளம். உண்மையான பயம் கெட்டிமேளம்தான். தவில்காரர்கள் வலது கை விரல்களில் துணியும் மாவுப் பசையும் சுற்றிக் காயவைத்த கூடு மாட்டுவோம். என் கூடுகள் பழசு, தொளதொள. அதற்கு முந்தைய கல்யாணத்தில் கெட்டிமேள வேகத்தில் ஒன்று கழன்று பறந்து மாப்பிள்ளை மடியில் விழுந்தது. ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புதுக் கூடு மாவுப் பசையில் செய்தால் காய நாளாகும். எனக்கு ஏது அந்தப் பொறுமை? மனைவி பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டில் கிடந்த வெட்டுத் துணியை விரல்களில் சுற்றி, செருப்பு ஒட்டுகிற பசையை மேலே ஊற்றினேன். காய்ந்ததும் உருவிக்கொள்ளலாம் என்று கணக்கு. துணி பசையைக் குடித்தது, சுருக்கென்று சுட்டது, பிறகு தோலைப் பிடித்துக்கொண்டது. வெந்நீருக்கும் அசையவில்லை, தேங்காய் எண்ணெய்க்கும் அசையவில்லை. முகூர்த்தத்தன்று காலையில் மனைவிதான் இட்லி ஊட்டினாள். நமக்குக் கல்யாணம் ஆனபோதுகூட இவ்வளவு உபசாரம் நடக்கவில்லை என்றேன். அவள் அடுத்த துண்டைக் கொஞ்சம் பெரிதாகத் திணித்தாள்.

தவில் அக்காவோடு முன்னாலேயே வேனில் போய்விட்டது. பஸ்ஸில் ஒரு பெரியம்மா என் வெறுங்கையோடு இருந்த கட்டைப் பார்த்துப் பதறி எழுந்து இடம் கொடுத்தார்.

"எந்த மில்லுலய்யா வெரலக் குடுத்த? அம்புட்டும் போச்சா?"

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸீட் ஸீட்தானே. ஆனால் பஸ் கிளம்பியதும் கை முன் ஸீட்டுக் கம்பியில் தானாகத் தட்ட ஆரம்பித்தது. இறங்கும்வரை அந்தப் பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மண்டபத்தில் அக்கா என் கையைப் பார்த்தாள். நாதஸ்வரம் வாயில் இருக்கும்போது அவளால் திட்ட முடியாது, புருவத்தால் திட்டுவாள். அன்று புருவம் இறங்கவே இல்லை. தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தபோதே என் விரல் பொறுக்காமல் இரண்டு அடி போட்டுவிட்டது. யாரோ ஒரு மாமா அவசரப்பட்டு அட்சதையை வீசிவிட்டார். புருவம் இன்னும் மேலே போனது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் தவிலை மடியில் வைத்துக்கொண்டு எவனால் ஓட முடியும்?

ஐயர் விரலை உயர்த்தி ஆட்டினார். அடித்தேன். பசை இறுகிய கூடு பலகையில் ஆணி அடிப்பதுபோல் கணீரென்று பேசியது. எதுவும் கழலவில்லை, எதுவும் பறக்கவில்லை. எவ்வளவு வேகமாகப் போனேனோ அவ்வளவு வேகத்துக்கு அக்காவின் நாதஸ்வரமும் வந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். புருவம் இறங்கியிருந்தது.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். கையை நீட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"அக்கா, இத எப்பக்கா கழட்ட?"

அவள் நாதஸ்வரத்தை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"அடுத்த முகூர்த்தம் முடியட்டும்."