நிர்வாகி நிறுத்திவைத்த வேலை

மணலியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், கடல் நீரோட்டத்தைக் கணக்கிடுவதற்கென்று பல கணினிகளை ஒன்றாக இணைத்து வைத்திருந்தார்கள். யாரும் நேராக அவற்றில் உட்கார முடியாது. நம் இடத்திலிருந்து கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலையை அனுப்பினால் அது வரிசையில் நிற்கும். முறை வந்ததும் ஓடும். வரிசையை மாற்றும் அதிகாரம் இரண்டு பேருக்குத்தான். ஒருவர் அன்று விடுப்பு. மற்றவர் என் எதிர் மேசை சீனியர். நான் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு என்னைப் பிடிக்காது.

எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் எங்கே சேரும் என்ற கணக்கை அனுப்பியிருந்தேன். எனக்குப் பின்னால் வந்த வேலைகளெல்லாம் ஓடி முடிந்தன. பிறகு சீனியருடைய பெரிய வேலை ஒன்று எல்லாக் கணினிகளையும் பிடித்துக்கொண்டது. என்னுடையது அசையவே இல்லை. காரணம் கேட்டுக் கட்டளை தட்டினேன். ‘நிர்வாகி நிறுத்தியிருக்கிறார்’ என்று வந்தது.

எழுந்து அவரிடம் போனேன்.

“இன்னா சார், என் வேலைய ஏன் நிறுத்தி வச்சீங்க?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னாவா? இது ராயபுரம் மீன் மார்க்கெட் இல்லம்மா. ஆபீஸ்ல ஒழுங்கா பேசு.”

“ஒழுங்காத்தான் கேட்டுகினு கீறேன். பதில் சொல்லுங்க.”

பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்தான். சீனியர் ஒரு வரி தட்டி என்டரை அழுத்தினார்.

“இப்ப ரத்தே பண்ணிட்டேன். மறுபடி அனுப்பிட்டுக் கடைசில நில்லு.”

காதெல்லாம் சூடாகிவிட்டது. வேலையை மறுபடி அனுப்பிவிட்டு மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அனுசரித்துப் போகச் சொன்னார். வாடிக்கையாளருக்கு நாளை போகவேண்டிய அறிக்கைக்கான கணக்கு அது என்றதும்தான் நாற்காலியை விட்டு எழுந்தார். சீனியரின் பின்னால் வந்து நின்று வரிசையைப் பார்த்தார்.

“உங்களோடத நிறுத்திட்டு இவங்களோடத முன்னால விடுங்க.”

“காலைலேர்ந்து ஓடுது சார். பாதி முடிஞ்சிடுச்சு.”

“நிறுத்துங்க.”

அவர் தன் வேலையைத் தானே ரத்து செய்தார். ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தித் தட்டினார். நான் நகராமல் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை முகத்தில் மறைக்கவும் இல்லை.

என் கணக்கு ஓடியது, அறிக்கையும் போனது. அதன் பிறகு என் சின்னச் சின்னத் தப்புகளையெல்லாம் தேடிப்பிடித்து மேலாளருக்கு எழுதிப்போட்டார் அவர். நான் மணிக்கொருமுறை வரிசையைத் திறந்து என் வேலை நிற்கிறதா என்று பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பு அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஏற்றிருக்கமாட்டேன்.