ஆவடி வரை ஒரே ஸ்பானிஷ் வாக்கியம்

மெக்சிகோவில் புது வாடிக்கையாளர் கிடைத்துவிட்டாராம். நாற்பத்தைந்து வயதில் என்னை ஸ்பானிஷ் படிக்கச் சொல்லிவிட்டது ஆபீஸ். தினமும் திருநின்றவூரில் ரயில் ஏறியதும் போனில் செயலியைத் திறந்து, அது சொல்வதைத் திருப்பிச் சொல்வேன். பாழாய்ப்போன செயலி, தவறென்று சிவப்பு காட்டும். "ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?" என்ற ஒரு வாக்கியத்துக்கு அன்று ஆவடி வரை சிவப்புதான். போனை ஜன்னல் வழியே வீசிவிடலாமா என்றிருந்தது.

எதிர் சீட்டில் தூங்க முயன்றவர் கண்ணைத் திறந்தார். "எவ்ளோ நேரமா இதையே சொல்லிகினு கீறீங்க சார்? இதானே?" என்று அந்த ஸ்பானிஷ் வாக்கியத்தைக் கடகடவென ஒப்பித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். போன் பச்சையாகி, "அற்புதம்!" என்று என்னைப் பாராட்டியது.

அடுத்த வாக்கியமும் சிவந்தது. அவரை எழுப்பலாமா என்று பார்த்தேன்.