கழிவு போக ஐம்பத்து மூன்றரை

குத்துச்சண்டைக்காரி என்றதும் வீட்டிலும் கையை ஓங்கிக்கொண்டே திரிவாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் நாத்தனார் வெண்மதி அப்படியில்லை. எங்கள் வீட்டில் கோபக்காரி நான்தான். அவள் காரிமங்கலத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. முப்பது வயது. நாற்பத்தெட்டு கிலோ பிரிவில் மாநிலப் பட்டம் வாங்கினாள், பிறகு ஐம்பத்தொன்றிலும் வாங்கினாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவளுக்கும் நிம்மதி, என் இடுப்புக்கும் நிம்மதி.

போன தை மாதம் அவளுடைய பயிற்சியாளர் கலைவாணன் தருமபுரியிலிருந்து வந்தார். நான் வைத்த கோழிக் குழம்பில் களியைத் தோய்த்து விழுங்கிவிட்டு, விஷயத்தைச் சொன்னார்.

"மூணு எடையில பட்டம் வாங்குன பொம்பள நம்ம மாவட்டத்துலயே கிடையாதுங்க. சித்திரையில போட்டி, அதுவும் தருமபுரியிலயே. ஐம்பத்தி நாலு கிலோவுல எறங்கட்டும். ஆனா அந்த எடையில கோயமுத்தூர் பானுமதி இருக்குது. ஆறு வருசமா அத யாரும் அசைக்கல. இது நோஞ்சானா போய் நின்னா ஊதியே தள்ளிடும். ஐம்பத்தி நாலுக்குப் பக்கத்துல எடை வரணும், ஒரு பொட்டு தாண்டவும் கூடாது."

வெண்மதி தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவர் போன பிறகு என்னிடம், "இந்த வருசம் முடியலன்னா விட்டுடறன் அண்ணி. இதுக்கு மேல முட்டி கேக்காது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சரி, சோறு போடுவது என் வேலை, உனக்கு மூன்றாவது பட்டம் வாங்கித் தராமல் அடுப்பை அணைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டேன்.

எடை பார்ப்பதற்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் மாதவராஜ் புளி மண்டி வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே ஆள் உயரத்துக்கு ஒரு முள் தராசு. முள் ஓடும் முகம் எடை போடுகிறவர் பக்கம் பார்த்திருக்கும். மேடையில் ஏறுகிறவர்களுக்குத் தெரிவது அதன் முதுகுதான். மாயவன் எங்கள் எடையாள். இருபது வருடமாக மூட்டை ஏறியதும் முள்ளைப் பார்த்து, மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி எடையைக் கூவுவது அவர் வேலை. புளி கொண்டுவருகிறவர்களில் காசியம்மாள் மட்டும் வருடா வருடம் முணுமுணுப்பாள்: "எங்க வூட்டுல நிறுத்தா ஒரு எடை, இந்த மாயவன் வாயில ஒரு எடை." அது எங்கள் காதில் விழுந்ததே இல்லை.

முதல் நாள் வெண்மதி மேடையில் ஏறினாள். மாயவன் முள்ளைப் பார்த்துக் கூவினார்: "நாப்பத்தி ஒம்போதேய்!"

ஐம்பத்தொரு கிலோ பிரிவில் ஜெயித்த பெண் அதற்குள் இரண்டு கிலோ இறங்கிவிட்டாளா? கண்பட்டுவிட்டது, வேறென்ன! அன்று மாலையே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மறுநாளிலிருந்து ஆரம்பித்தது எங்கள் வீட்டுக் கொடுமை. காலையில் களியும் கறிக்குழம்பும். பள்ளிக்கு எடுத்துப்போக அவித்த நிலக்கடலை. மாலையில் முட்டை, வாழைப்பழம், பால். அவள் முழுங்க முழுங்க என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, "தின்னு பாப்பா, தின்னு" என்று உற்சாகப்படுத்துவார். சும்மா உற்சாகப்படுத்தினால் பரவாயில்லை, கூடவே ஒரு தட்டையும் வைத்துக்கொள்வார். மிச்சம் வீணாகக் கூடாதே என்று நானும் சாப்பிட்டேன். மாசி முடிவதற்குள் அவருக்குச் சட்டைப் பொத்தான் தெறித்தது. எனக்கு ஜாக்கெட் எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. வாசலில் கிடக்கிற நாய்கூட உருண்டையாகிவிட்டது. வெண்மதி மட்டும் மாயவன் வாயில் கால் கிலோ, அரை கிலோவாகத்தான் ஏறினாள்.

நடுவில் ஒருமுறை கலைவாணனின் பயிற்சிக் கூடத்திலிருந்த சின்னப் பெட்டித் தராசில் அவளை நிறுத்தினார்கள். அது இரண்டு கிலோ அதிகமாகக் காட்டியது. என் வீட்டுக்காரர் சிரித்தார். "அது எங்கியோ பிளாட்பாரத்துல வாங்குனதுங்க. எங்களுது வருசா வருசம் அரசாங்க முத்திர போட்ட தராசு." கலைவாணனும் ஒத்துக்கொண்டார். என் கோழிக் குழம்பைத் தின்றவர் எங்கள் தராசை எப்படிச் சந்தேகிப்பார்?

போட்டிக்கு முதல் நாள் மாயவன் கூவினார்: "அம்பத்தி மூணரையேய்!" மண்டியே கைதட்டியது.

மறுநாள் காலை, மண்டி வேனில் தருமபுரி போனோம். விளையாட்டு அரங்கில் எடை பார்க்கும் மேசையில் ஒரு கண்ணாடிக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். வெண்மதி தராசில் ஏறினாள். ஐம்பத்தைந்தரை.

"ஒன்றரை கிலோ அதிகம்" என்றார் அந்த அம்மா. "பத்து மணிக்கு மேசையை மூடிடுவோம். அதுக்குள்ள எறக்கிட்டு வந்தா சரி. இல்லன்னா வீட்டுக்குப் போகலாம்."

என் வீட்டுக்காரர் எகிறினார். "உங்க தராசு தப்புங்க மேடம்! எங்களுது முத்திர போட்டது! இருங்க, எங்க ஆளையே கேட்டுச் சொல்றன்." போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாயண்ணே, நேத்து பாப்பா எடை எவ்வளவு?"

"அம்பத்தி மூணரைங்க."

"இங்க ஐம்பத்தஞ்சரை காட்டுதே!"

"சரியாத்தானுங்க இருக்குது. கழிவு போவ அம்பத்தி மூணரை."

"என்னா கழிவு?"

"சாக்குக் கழிவுங்க. ரெண்டு கிலோ. மேடையில எது ஏறுனாலும் ரெண்டு கழிச்சிக் கூவுன்னு நீங்கதானுங்களே சொன்னது? இருவது வருசமா அப்படித்தான் வாயில வருது."

வெண்மதிதான் கேட்டாள்: "ஏண்ணா, நான் என்னா சாக்குக்குள்ளயா நின்னன்?"

என் வாயில் வந்ததையெல்லாம் என் வீட்டுக்காரரைச் சொன்னேன். எழுத முடியாது, அவ்வளவும் சொன்னேன். மூன்று மாதம் ஊட்டி ஊட்டி வளர்த்ததை இரண்டு மணி நேரத்தில் கரைக்க வேண்டும். வெண்மதிக்கு மழைக்கோட்டை மாட்டி, அதன் மேல் கம்பளியைச் சுற்றி, கண்ணாடியை ஏற்றிய வேனுக்குள் வெயிலில் உட்காரவைத்தோம். பிறகு அதே கோலத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டோம். என் வீட்டுக்காரரும் தொந்தியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். "என்னிய நாலு அற அறஞ்சிடு பாப்பா!" என்று அவர் கதற, "பேசாம ஓடுண்ணா, மூச்சு வாங்குது" என்றாள் அவள்.

மேசை மூடக் கொஞ்ச நேரமே இருந்தது. இன்னும் நூறு கிராம். அவள் உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை, உதடு வெளுத்துக் கிடந்தது. வேனில் சாய்ந்து உட்கார்ந்து, "போதும் அண்ணி, விட்டுடலாம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வேன் மூலையில் போன நடையில் சிந்திய புளி. ஓர் உருண்டை உருட்டி அவள் வாயில் திணித்தேன். "முழுங்காத. சப்பித் துப்பு."

சுள்ளென்று எச்சில் ஊறியது. என் டிபன் டப்பாவை ஏந்திப் பிடித்தேன். அவள் துப்பத் துப்ப, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கலைவாணனுக்கும் ஊறியது. டப்பாவோடு மேசைக்கு ஓடினோம். தராசு சரியாக ஐம்பத்து நான்கில் நின்றது. கண்ணாடிக்கார அம்மா டப்பாவைப் பார்த்தார், புளியைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார். "அடுத்த ஆள்" என்றார்.

அந்தப் பிரிவுக்கு வந்ததே இரண்டு பேர்தான். பானுமதிக்குப் பயந்து மற்றவர்கள் வேறு எடைக்கு ஓடிவிட்டார்களாம். அதனால் மாலையில் நேரே இறுதிப் போட்டி. நடுவில் கஞ்சியும் இளநீரும் கொடுத்து அவளைத் தேற்றினோம். பானுமதி ஒரு தலை உயரம். முதல் சுற்றில் வெண்மதியைப் போட்டுப் புரட்டி எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதில் வெண்மதி அவள் கைக்குக் கீழே நுழைந்து விலாவில் விடாமல் குத்தினாள். மூன்றாவதில் இருவருமே நிற்கத் தெம்பில்லாமல் நின்று குத்திக்கொண்டார்கள். என் தொண்டை கிழிந்தது. நடுவர் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் தூக்கியது வெண்மதியின் கையை. நான் அழுத அழுகையில் பக்கத்திலிருந்தவர்கள் நாங்கள் தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

மறுநாள் கோப்பையோடு அவள் மண்டிக்குப் போனாள். மாயவன் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

"வாங்க மாயண்ணே. எடை போடுங்க" என்று கோப்பையோடு மேடையில் ஏறினாள்.

அவர் முள்ளைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். பழக்கம் தொண்டையில் சிக்கிக்கொண்டது போலிருந்தது. பிறகு ஒரே மூச்சில் கூவினார்: "அம்பத்தி ஏழேய்! கழிவு இல்ல!"

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். வரிசையில் மூட்டையோடு நின்ற காசியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியே என் மூட்டைக்கும் கூவு மாயவா" என்றாள்.

கைதட்டல் நின்றது. என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அதிசயமாகப் பார்த்தார். வெண்மதி இறங்கி, ஒரு வெறும் சாக்கை எடுத்து மேடையில் போட்டாள். இந்தத் தடவை நாங்கள் மாயவன் பக்கம் போய் நின்று பார்த்தோம். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை.

"இந்தப் புள்ள ஒரு நாள் காலையில அந்த ரெண்டு கிலோவுக்குப் பட்ட பாட்ட ஊரே பேசுது" என்றாள் காசியம்மாள். "நாங்க வருசா வருசம் படறோம். எங்களுக்குக் கோப்ப வேணாம், எடையச் சரியாச் சொன்னா போதும்."

என் வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, தலையைக் குனிந்துகொண்டார். "மாயண்ணே, சாக்கு எடைய மட்டும் கழிச்சிட்டு, உள்ளத உள்ளபடி கூவுங்க" என்றார்.

இப்போது அப்படித்தான் கூவுகிறார். ஆனாலும் இருபது வருடப் பழக்கம் லேசில் போகுமா? ஒவ்வொரு மூட்டைக்கும் வாயைத் திறப்பதற்கு முன்னால், வெண்மதி பள்ளிக்குப் போய்விட்டாளா, வீட்டில்தான் இருக்கிறாளா என்று மாயவன் ஒரு தடவை எங்கள் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.