தெகிவளையில் ஒரு செருப்புச் சந்தேகம்

மனைவி காலமானபின் பின்னேரங்களில் வீட்டில் இருக்க முடிவதில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை, கடலோரத் தண்டவாளத்தின் பக்கமாகத் தனியே நடக்கிறேன்.

இன்று தொப்பி போட்ட ஒருவர் பின்னாலேயே வந்தார். நான் நின்றால் அவரும் நின்று கடலைப் பார்த்தார். பரீட்சை மண்டபத்தில் பார்த்தெழுதும் பிள்ளைகளும் இப்படித்தான், நாம் திரும்பினால் உடனே கூரையைப் பார்ப்பார்கள்.

தெகிவளை தாண்டியதும், மண்ணை உதறச் செருப்பைக் கழற்றித் தண்டவாளத்தருகே வைத்தேன். அவர் ஓடி வந்தார். மகள் அனுப்பிய புதுச் செருப்பு. சட்டென்று எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

“என்ன வேணும் தம்பி?”

“ரயில் வாற நேரம் ஐயா. நீங்கள் செருப்பையும் கழட்டி வச்சிட்டீங்கள். நான் பயந்துபோனன்.”

விளங்கச் சற்று நேரமானது.

“மனுசி இல்லாத வீட்டில இருக்கேலாமத்தான் நடக்கிறன். வேற ஒண்டுமில்லை.”

“அப்ப சேர்ந்து நடப்பம். நானும் கல்கிசைக்குத்தான்.”

வழியெல்லாம் அவளைப் பற்றிக் கேட்டார். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். கல்கிசை வந்ததும், “போயிட்டு வாறன் ஐயா” என்று வந்த வழியே திரும்பி நடந்தார்.

அங்கே அவருக்கு என்ன வேலை இருந்தது என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், நாளைக்கும் அதே நேரம் நடக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். செருப்பைக் கழற்றமாட்டேன்.