பெங்குயினுக்கு ஒரு கையெழுத்து

சனிக்கிழமை காலை, கட்டடத்துச் சலவையறையில் உங்கள் உள்ளாடைகள் ஊருக்கே தெரியச் சுழல்கின்றன. ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, பெங்குயினுக்கு ஒரு கையெழுத்து வையும்" என்கிறார். என்ன செய்வீர்கள்? ஓடுவீர்களா? ஓட முடியாது. அதற்காகத்தான் குலசிங்கம் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார். "மெஷின் நிக்க முப்பத்திரண்டு நிமிசம். ஈர உடுப்பை விட்டிட்டு எங்கடை சனம் எங்கையும் போகாது."

வயது ஐம்பத்திரண்டு. ஊரில் பிளான் வரையும் படவரைஞர். இங்கே டொரொண்டோப் பக்கத்து ஸ்காபரோவில், உறைமீன் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். தினமும் எட்டு மணி நேரம் உறைகுளிரில் நிற்பவர், இந்த எண்பத்தாறாம் ஆண்டு பெப்ரவரியிலும் வோபர்ன் தெருக்களில் கோட்டுப் பொத்தான் பூட்டாமல் நடந்தார். பொலித்தீன் உறைக்குள் ஒரு படம் வைத்திருக்கிறார்: கல் பொறுக்கிக் கட்டிய கூட்டில் ஒரு பெங்குயின், இரண்டு குஞ்சுகள். மற்றவர்கள் பேரப்பிள்ளையின் படம் காட்டுவதுபோல் அதைக் காட்டுவார்.

விஷயம் இதுதான். அந்தாட்டிக்கக் கரையில் ஒரு பணக்கார நாடு விமான ஓடுபாதை போடுவதற்காக, பெங்குயின்கள் முட்டையிடும் சிறு தீவுகளை வெடிவைத்துத் தகர்க்கிறது. டொரொண்டோவில் ஒரு சூழல் அமைப்பு, இம்மாதக் கடைசி வெள்ளியன்று அந்நாட்டின் தூதரகத்துக்கு மனுக் கொடுக்கிறது. இருநூறு தமிழர் கையெழுத்துக் கொண்டுவருவதாகக் குலசிங்கம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"அங்கை எங்கடை சனம் சாகுது. உங்களுக்குப் பெங்குயினோ, அண்ணை?" என்றான் ஓர் இளைஞன்.

"உதைத்தானே எங்களைப் பற்றி வெள்ளைக்காரனும் சொல்லுறான்? போன கிழமை பனிக்குள்ளை நிண்டு எங்கடை சனத்துக்காக அவனிட்டைக் கையெழுத்துக் கேட்டனீர் எல்லே?"

பிறகு குரல் தணியும். "ஊரிலை நான் கீறின ஒரு ஓடுபாதைக்குள்ளை நாற்பத்தாறு வீடு போச்சு. பிளானிலை வீடெல்லாம் சின்னச் சின்னப் பெட்டி. றப்பராலை அழிச்சது நான்தான்."

உடுப்புத் தோய்க்க வந்த யோகராணி மட்டும் இப்போது ராகு காலம் என்றார். "டொரொண்டோ ராகுவோ, யாழ்ப்பாண ராகுவோ?" என்று குலசிங்கம் கேட்டார். யோகராணி விரல்விட்டுக் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் மெஷின் நின்றுவிட்டது; உடுப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையான பயம் ராகுவிடம் இல்லை. அகதி வழக்கு முடியாதவர்களிடம் "ஒண்டிலும் கையெழுத்து வைக்காதேங்கோ" என்று லோயர்மார் சொல்லி வைத்திருக்கிறார்கள். வருடக் கணக்கில் காக்கவைத்து, மனிதனைத் தன் பெயரை எழுதவே நடுங்கவைக்கும் ஏற்பாட்டுக்கு நீதி என்று பெயர்!

அப்படியிருந்தும் நூற்றெண்பது கையெழுத்துகள் சேர்ந்தன. குலசிங்கம் பூரித்துப்போனார். அமைப்பின் அலுவலகப் பெண்தான் கேட்டாள்: "இந்த அன்புராசா மூன்று தடவை வந்திருக்கிறாரே? ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வேறு." அப்போதுதான் விளங்கியது. நம்மவர்கள் பயத்தில் சொந்தப் பெயரை விட்டு, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரை எழுதியிருக்கிறார்கள். அந்த மூவரும் அடுத்தடுத்த மாதங்களில் ஒரே பாஸ்போர்ட்டில் வந்திறங்கியவர்கள்.

குலசிங்கம் கள்ளப் பெயர்கள் நூற்றுப்பத்தையும் கோடிழுத்து வெட்டினார். மிஞ்சியது எழுபது.

போன சனிக்கிழமை மறுபடி சலவையறைக்கு வந்தார். "பெங்குயினுக்கும் கள்ளப்பேரோ? அதென்ன இமிக்கிரேசன் ஒபிசரோ?" என்று சத்தம் போட்டார். சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் உடுப்பையே உற்றுப் பார்த்தார்கள். துவாய் மடித்துக்கொண்டிருந்த பேர்ணடெற் தாள்களை வாங்கி மேலிருந்து கீழே விரலோட்டினார்.

"எல்லாம் சரி அண்ணை. உங்கடை பேரை ஒரு இடமும் காணேல்லை?"

குலசிங்கம் தாள்களைத் திரும்ப வாங்கினார். அவருடைய லோயரும் "ஒண்டிலும் கையெழுத்து வைக்காதேங்கோ" என்றுதான் சொல்லியிருந்தார்.

"எனக்கு... வாற மாசம் அகதிக் கேஸ் ஹியரிங், பிள்ளை."

"எங்களுக்கென்ன, கலியாணமோ வருது?"

அறையே சிரித்தது. குலசிங்கம் சிரிக்கவில்லை. தாளை டிரையரின் மேல் வைத்தார். அது கிடுகிடுவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. எழுத்து கோணினால் பயந்து எழுதியது என்பார்கள் என்று, அது ஓயும்வரை பேனாவைப் பிடித்தபடி நின்றார். பிறகு தன் பெயரை, தகப்பன் பெயரும் கதவிலக்கமும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். நிமிரும் முன்பே பேர்ணடெற் பேனாவுக்குக் கை நீட்டினார்.

இன்னும் நூற்றிருபத்தெட்டு வரிகள் வெறுமையாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்கு முன் வந்து ஒரு வரியை நிரப்புங்கள், உங்கள் சொந்தப் பெயரால்.