ஞாயிறு வேலைநாளாயிருந்த தபசுகாலம்

அறுபதுகளின் பிற்பகுதியில் அரசாங்கம் எங்கள் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது. கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் இனிப் பௌத்தரின் போயா நாளே விடுமுறை, ஞாயிறு வேலைநாள் என்று சட்டம் வந்தது. நாட்களைச் சரியாகக் குறித்துவைக்கும் பழக்கமுள்ள எனக்கு அது இரட்டை எரிச்சல். போயா நிலவைப் பார்த்து நகர்வதால் சில கிழமைகள் ஏழு நாளோடு முடியவில்லை. உயிர்த்த ஞாயிறும் பறுவத்தை, அதாவது முழுநிலவைப் பார்த்துத்தான் வருகிறது. அதற்காகக் கிறிஸ்தவர்கள் நாங்கள் யாருடைய நாளையும் பறித்ததில்லை.

நான் மன்னார்த் தீவின் ஒரு மீன்பிடிக் கிராமத்தவன். நகரத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலம் வந்தால், பின்னேரச் செபமாலை முடிந்த பிறகு கோயிலில் வாசிப்பது என் பொறுப்பு. மற்ற ஊர்களில் ஆண்டவருடைய பாடுகளின் பிரசங்கத்தை வாசித்து அழுவார்கள். நான் ஆதித் திருச்சபையார் எழுதியவற்றை வாசித்தேன். பங்குச் சுவாமியின் அலுமாரியில் ஆங்கிலத்தில் ஒரு தடித்த தொகுதி இருந்தது. அதை இரவல் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழாக்கி வைத்திருந்தேன். மரணத்துக்குக் கொண்டுபோகப்படும் வழியில் ஆயர்கள் எழுதிய கடிதங்கள், விசாரணையில் பெண்கள் சொன்ன மறுமொழிகள், நோன்பைப் பற்றிய சச்சரவுகள் எல்லாம் அதில் இருந்தன.

"அழுகையும் வருகுதில்லை, நித்திரையும் வருகுதில்லை" என்று கருவாடு காயவைக்கும் அக்கா ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சட்டத்துக்குப் பிறகு வந்த முதல் தபசுகாலத்தில்தான் பிரச்சினை கரைக்கு வந்தது. எங்கள் ஊரில் சனி பின்னேரம் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. சனி இரவு வலை விட்டால் ஞாயிறு விடியலில் ஆள் கடலில் இருப்பான். ஆனால் இப்போது மீன் ஏற்றும் ஐஸ் லொறி போயாவுக்கு வராமல் ஞாயிறு காலையில் வந்தது. வள்ளங்களில் பாதிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என் மனைவியின் தமையன். அவர் சனி பின்னேரமும் வள்ளம் இறங்கவேண்டும் என்றார்.

"போயாக்குச் சந்தை இல்லை. ஞாயிறும் தொழில் இல்லையெண்டா ரெண்டு நாள் போச்சு மச்சான். உமக்கென்ன, மாசம் முடியச் சம்பளம்" என்றார் என்னிடம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கோபத்தைக் கூட்டியது.

அந்தக் கிழமை வாசிப்பதற்காக நான் தமிழாக்கி வைத்திருந்தது, முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தார்கள் என்ற பகுதி. அவர்களுக்கும் ஞாயிறு விடுமுறை இல்லை. விடியுமுன் கூடிச் செபித்து, வாசித்து, அப்பம் பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். பலர் அடிமைகள், எசமானிடம் போகாமல் இருக்க முடியாது.

அதைப் படித்துக்காட்டியதும் என் மனைவி விளக்கைத் துடைப்பதை நிறுத்தினார்.

"இஞ்சரப்பா, அண்ணன் முன்வாங்கிலதான் இருப்பார். இந்தப் பக்கத்தை விட்டுட்டு மற்றதை வாசியுங்கோவன்."

"விடமாட்டன்."

"ஊர் உங்களைத்தான் பேசும்."

"பேசட்டும். எங்களுக்கு வசதியானதை மட்டும் வாசிக்கிறதெண்டா அது செபமில்லை."

அன்று பின்னேரம் கோயிலில் அந்தப் பகுதி முழுவதையும் வாசித்தேன். முடித்ததும் சம்மாட்டி எழுந்து சனங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியளே? சாமியின்ரை புத்தகமே சொல்லுது. ஞாயிறும் வேலைக்குப் போனவையாம்."

பின்வாங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சனி இரவு கடலுக்குப் போக மனமில்லாமல் என்னை நம்பியிருந்த தொழிலாளிகள் தலையைக் குனிந்தார்கள். நான் புத்தகத்தை மூடவில்லை.

"ஓம், போனவை. எப்ப போனவை? விடியுமுன்னம் கூடினதுக்குப் பிறகு. நீர் சனி பின்னேரம் வள்ளத்தை இறக்கினால் இவை எப்ப கூடுறது, மச்சான்? நடுக்கடலிலையோ?"

"கடலிலையும் ஆண்டவர் இருக்கிறார்."

"இருந்தவர்தான்" என்றார் கருவாட்டு அக்கா. "புயலுக்கையும் அவர் வள்ளத்தில நித்திரை கொண்டவர். சம்மாட்டியாற்ரை வள்ளத்தில நித்திரை கொண்டால் மீனில பங்கு குடுப்பியளே?"

கோயில் என்பதை மறந்து சிரித்தார்கள். சம்மாட்டிக்கும் சிரிப்பு வந்து, அதை மீசைக்குள் அடக்கினார். அங்கேயே முடிவாயிற்று: சனி இரவு ஒரு வள்ளமும் இறங்காது. ஞாயிறு விடியுமுன் எல்லோரும் கூடுவது, விடிந்தபின் விரும்பியவர்கள் கரைவலை இழுப்பது. பங்குச் சுவாமி விடியற்பூசைக்குச் சம்மதித்தார். பூசைக்கு முன் வாசிப்பு.

முதல் ஞாயிறு லொறி வெறும் ஐஸோடு திரும்பிப் போனது. சம்மாட்டி ஒரு கிழமை எங்கள் வீட்டுப் படலை திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு விடியலில் கோயில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, கதவில் சாய்ந்துகொண்டார்.

"கெதியா வாசியும். லொறிக்காரனைக் கெஞ்சி மறிச்சு வைச்சிருக்கிறன்."

நான் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். உண்மையைச் சொன்னால், வழக்கத்தைவிட மெதுவாகவே வாசித்தேன்.

எனக்கும் விலை இருந்தது. பூசை முடிவதற்குள் முதல் பஸ் போய்விடும். கந்தோரில் பிந்தி வருபவர்களைப் பிரிக்க, வரவு இடாப்பில் பிரதம லிகிதர் சிவப்புக் கோடு இழுப்பார். ஞாயிறுதோறும் என் கையொப்பம் கோட்டுக்குக் கீழே விழுந்தது. பக்கத்தில் நான் நாளையும் எழுதினேன்: தபசுகாலத்து இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு என்று. குருத்து ஞாயிறன்று பனங்குருத்துச் சிலுவையைச் சட்டையில் குத்தியபடி போனேன்.

"இதென்ன, காலண்டரோ இடாப்போ?" என்றார் பிரதம லிகிதர்.

"ரெண்டும்தான் ஐயா. நாளை நீங்கள் மாத்தினாலும் அதின்ரை பேரை நான் விடேலாது."

அவர் என் பெயரைச் சுற்றியும் ஒரு சிவப்பு வட்டம் போட்டார். அந்த முறை என் சம்பள உயர்வு தள்ளிப்போனது. உயிர்த்த ஞாயிறு இருட்டில் என் மெழுகுதிரியை மனைவி தானே கொளுத்தித் தந்தார். அன்று சம்மாட்டி கதவைவிட்டு ஓரடி உள்ளே நின்றார். கையில் அவருக்கும் ஒரு திரி. கெதியாக வாசியும் என்று சொல்வதை மட்டும் அன்றும் விடவில்லை.

சில வருடங்களில் அரசாங்கம் மனம் மாறி ஞாயிற்றைத் திருப்பித் தந்தது. ஊரில் வெடி கொளுத்தினார்கள். நான் கொளுத்தவில்லை. தந்தவர்களுக்கு நன்றி சொல்ல, அது அவர்களுடைய பொருளாக இருந்ததில்லை.

அடுத்த தபசுகாலத்தில், இனி ஆறுதலாக ஏழு மணிப் பூசைக்கு வரலாமே என்று பலர் சொன்னார்கள். விரும்பியவர்கள் வரட்டும் என்று முதல் ஞாயிறு வழமைபோல விடியுமுன் போய்க் கோயில் விளக்கை ஏற்றினேன். முன்வாங்கில் கருவாட்டு அக்கா. பின்னால் வலைக்காரர் சிலர். பிறகு கதவடியில் ஒரு செருமல்.

"கெதியா வாசியும்."

"இண்டைக்கு லொறி இல்லையே மச்சான்."

சம்மாட்டி வெளியே றோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "இல்லைத்தான். எண்டாலும் நீர் இழுத்து இழுத்து வாசிக்கிற ஆள்."

மனைவி விடச் சொன்ன அந்தப் பக்கத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.